கப்பல் மாதா ஜன்னலை இருந்த இடத்திலேயே நிறுத்துங்கள்: ஆலயப் புதுப்பிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குச்சாமி அவர்களுக்கும், ஆலயப் புதுப்பிப்புக் குழுவில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும்,

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் வாசிக்கப்பட்ட அறிவிப்பைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். பெண்கள் பக்கத்தில் கப்பல் மாதா ஜன்னல் இருந்த இடத்துக்கு அலுமினியச் சட்டத்தில் தள்ளுகதவு வரப் போகிறது, அதன்மேல் லூர்து மாதா படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள் ஒட்டப்படும், பழைய கண்ணாடியை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றீர்கள். ரங்கூனிலிருந்து பழம்பொருள் வாங்குகிறவர் ஒருவர் வந்து, கழற்றிக் கொட்டகையில் வைத்திருக்கும் கண்ணாடியைப் படம் எடுத்துக்கொண்டு போனதும் எங்களுக்குத் தெரியும். பங்கு மக்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவுக்கு இதுவரை பதில் வரவில்லை. இந்த அறிவிப்புதான் பதில் என்றால், அதை நாங்கள் ஏற்கவில்லை என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். இதே மடலைப் பர்மிய மொழியிலும் எழுதிச் சாமியிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கப்பல் மாதா ஜன்னலைப் பழுது பார்த்து, அது இருந்த இடத்திலேயே மறுபடி நிறுத்துங்கள்.

அந்த ஜன்னலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குக் கீழேதான் நாம் எல்லோரும் முதல் நன்மை வாங்கினோம். ஆனால் இதைச் சென்னையிலும் திருச்சியிலும் இருக்கும் நம் உறவுக்காரர்களும் படிப்பார்கள். 1964இல் பர்மாவை விட்டுக் கப்பலேறிப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நம் கோயிலைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நீலச் சேலை கட்டிய ஆரோக்கிய மாதா. சேலைக் கரை மஞ்சள். இடது கையில் பாலன். காலடியில் அலையடிக்கும் கடல், கடலில் ஒரு கப்பல். வேளாங்கண்ணி வரலாற்றில் புயலில் தப்பியவர்கள் போர்த்துக்கீசிய மாலுமிகள், அவர்கள் வந்தது பாய்மரக் கப்பல். எந்தக் கோயில் படத்திலும் அதைத்தான் வரைவார்கள். நம் ஜன்னலில் இருப்பது நீராவிக் கப்பல். புகைபோக்கி கறுப்பு, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்களின் அடையாளம் அது. மதராசிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்களை ரங்கூன் துறையில் கொண்டுவந்து இறக்கிய கப்பல்கள் அவை. மேல்தளத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் தலைகள். ஒருவர் தலையில் துணி மூட்டை. இன்னொரு பெண் இடுப்பில் குழந்தை. கீழே ஓரத்தில் 'ஆரோக்கிய அன்னையே கரை சேர்த்தருளும்' என்று தமிழில் எழுதியிருக்கிறது. வரைந்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. எழுத்தைப் படமாகப் பார்த்து வரைந்ததில் 'க்' மேல் புள்ளி விட்டுப்போயிருக்கிறது. 'னை' பழைய வடிவத்தில், யானைத் துதிக்கை போலச் சுருண்டு முன்னால் நிற்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு மாற்றிய எழுத்துகளில் அதுவும் ஒன்று. ஞாயிறு வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய எழுத்தைக் காட்ட நான் புத்தகம் தேடியதே இல்லை. ஜன்னலுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவேன், அவ்வளவுதான்.

இதை வைத்தவர்கள் செட்டியார் வீட்டுப் பணக்காரர்கள் இல்லை. அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர்களும் ரயில் பாதையில் வேலை பார்த்தவர்களும் கூலியில் பிடித்துக் கொடுத்த காசு. மாதா படம் வேண்டும் என்று மட்டும் அவர்கள் கேட்டிருக்கலாம். தாங்கள் வந்த கப்பலையும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்த கதை இந்தக் கோயிலில் வேறு எங்கும் இல்லை. கல்வெட்டு இல்லை. பழைய பதிவேடுகள் போரில் போய்விட்டன. கல்லறைத் தோட்டத்தில் மரச்சிலுவைகள் மக்கிப்போய்ப் பெயர்கள் அழிந்துவிட்டன. இருப்பது இந்தக் கண்ணாடி மட்டும்.

சரி, இப்போது என்ன நிலைமை என்று சொல்கிறேன். குழுவில் இருக்கும் பலர் ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள். எங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

2025 மார்ச் 28, தவக்கால வெள்ளிக்கிழமை, மத்தியானம் அந்த 7.7 அளவு நிலநடுக்கம் வந்தது. மண்டலையிலும் சகாயிங்கிலும் நடந்ததை நினைத்தால் நமக்கு வந்த சேதம் சேதமே இல்லை. கோபுரத்தில் விரிசல், ஓடுகள் சரிந்தன, ஜன்னலின் கீழ்ப்பகுதியில் சில துண்டுகள் உடைந்தன. மிச்சத்தையும் பத்திரமாகக் கழற்றி வைத்தீர்கள். அது சரிதான், அன்றைக்கு எல்லோரும் நன்றி சொன்னோம். திறந்து கிடந்த இடத்தில் தகரம் அடித்தீர்கள். தற்காலிகம் என்றீர்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் போய்விட்டது. தகரம் அப்படியே இருக்கிறது.

காலைப் பூசை இருட்டோடு தொடங்கும். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. முன்பெல்லாம் பிரசங்கம் தொடங்கும் நேரத்துக்குச் சூரியன் அந்த ஜன்னலுக்கு வந்துவிடும். நீலமும் மஞ்சளுமாக வெளிச்சம் பெண்கள் பக்கத்துத் தரையில் விழும். மாதாவின் சேலைக்கு மேலே வெள்ளைக் கண்ணாடிப் பகுதி இருக்கிறது அல்லவா, அதன் வழியாக வரும் வெளிச்சத்தில்தான் எங்கள் பெரியாயி செபப் புத்தகம் வாசிப்பார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும், பெயர் எழுத வேண்டாம். மூன்றாவது பெஞ்சின் ஓரம் அவருடைய இடம். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, வெளிச்சம் நகர நகர அவரும் நகர்ந்து உட்கார்ந்து வாசிப்பார். சனிக்கிழமை செபமாலைக்கு மாதா பிரார்த்தனையைத் தமிழில் முழுதாக முன்னின்று சொல்லத் தெரிந்தவர் இந்தப் பங்கில் அவர் ஒருவர்தான்.

தகரம் அடித்த பிறகு அவருக்குப் புத்தகம் தெரியவில்லை. பேத்தி கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். அந்த வெளிச்சம் தாளில் பட்டுக் கண் கூசுகிறது என்றார். அப்புறம் வாசல்படிக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆனி, ஆடி மழையில் சாரல் அடித்துப் புத்தகம் நனைந்தது. தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் அவர் சொல்வது பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் சொல்லும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' அவருக்குக் கேட்கவில்லை. இப்போது அவர் சனிக்கிழமை வருவதில்லை. பிரார்த்தனை பர்மிய மொழியில் நடக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, மாதாவுக்கு எல்லா மொழியும் ஒன்றுதான். ஆனால் தமிழில் சொல்லத் தெரிந்த ஒருவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், காரணம் ஒரு தகரம். இதைக் குழுவிடம் சொன்னபோது, ஒரு டியூப் லைட் போட்டுவிடலாம் என்று பதில் வந்தது. அதுவும் இன்னும் வரவில்லை. வந்தாலும் மின்சாரம் வேண்டுமே.

கழற்றிய கண்ணாடி எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கொட்டகைக்குப் போனேன். கண்ணாடிப் பலகைகளைத் தரையில் படுக்க வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதற்கு மேல் பந்தல் குழாய்களைப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் திருநாள் சோற்று அண்டா. சென்னையில் கோயில் ஜன்னல் வேலை செய்கிற ஒருவருக்குப் படம் அனுப்பிக் கேட்டோம். முதல் வார்த்தையாக அவர் சொன்னது, உடனே நிமிர்த்துங்கள் என்பதுதான். இந்தக் கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருப்பது இரண்டு பக்கமும் பள்ளம் வைத்த ஈயப் பட்டை. ஈயம் மெத்தென்றது. படுத்த நிலையில் பாரம் ஏறினால் பட்டை வளைகிறது, நடுவில் கண்ணாடி விரிகிறது. செங்குத்தாக, லேசாகச் சாய்த்து, இடையில் மெத்தென்று எதையாவது கொடுத்து வைக்க வேண்டும். இதை அன்றைக்கே வந்து உங்களிடம் சொன்னேன். குழாய்கள் இன்னும் மேலேதான் கிடக்கின்றன.

நம் தாத்தாக்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. 1942இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதிப் பேர் அரக்கான் மலை வழியாக நடந்தே கிளம்பிவிட்டார்கள். போகாமல் தங்கியவர்கள் இந்த ஜன்னலைப் பலகை பலகையாகக் கழற்றி, ஆலையிலிருந்து உமி கொண்டுவந்து, மரப்பெட்டிக்குள் நிறுத்தி வைத்து உமியால் நிரப்பி மூடினார்கள். போர் முடிந்து எடுத்தபோது ஒரு துண்டுகூட உடையவில்லை என்று என் தாத்தா சொல்லுவார். அவர்களுக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லாத காலம் அது. ரங்கூன் செயின்ட் மேரிஸ் பேராலயத்தின் பழைய வண்ணக் கண்ணாடிகள் அந்தப் போரின் குண்டுவீச்சில்தான் நொறுங்கின. எவ்வளவு பெரிய கோயில் அது, 1911இல் கட்டி முடித்தது. அதற்கே கிடைக்காத பாக்கியம் நம் கிராமத்துக் கோயிலுக்குக் கிடைத்தது. போரில் தப்பியதை நாம் விலைக்குக் கொடுக்கப் போகிறோமா?

அதற்கு முன்பு 1930 மே 5ஆம் தேதி பெகு நிலநடுக்கம் வந்தது. ஷ்வேமோடோ பகோடாவே விழுந்தது. அதுவும் இதே சகாயிங் பிளவில் வந்ததுதான். அப்போதும் இந்த ஜன்னல் நின்றது. கண்ணாடியில் குறை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். தளர்ந்திருப்பது ஈயம். நூறு ஆண்டு வாக்கில் ஈயப் பட்டை தளரும், அப்போது பிரித்துப் புது ஈயம் போட்டு அதே கண்ணாடியை மறுபடி கோப்பார்கள். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழமையான ஜன்னல்கள் எல்லாம் அப்படித்தான் நிற்கின்றன. முதலில் ஒவ்வொரு பலகையின் மேலும் தாள் விரித்து, மெழுகால் தேய்த்து அச்செடுக்க வேண்டும். துண்டுக்கு எண் போட வேண்டும். பிறகு பிரித்து, புது ஈயம் கோத்து, மூட்டுகளில் பற்று வைத்து, இடுக்கில் மக்கு அடைத்து, பின்னால் இரும்புக் கம்பி கொடுத்துச் செம்புக் கம்பியால் கட்ட வேண்டும். நம் பக்கத்தில் பற்று வைக்கத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்கச் சென்னைக்காரர் தயார் என்கிறார். மாதாவின் முகத்துக் கோடுகள் இரும்புத் துருவையும் கண்ணாடித் தூளையும் குழைத்து எழுதிச் சூளையில் சுட்டவை. சேலைக் கரையின் மஞ்சள் வெள்ளி உப்பு பூசிச் சுட்டது. அச்சுத்தாளில் மாதா முகம் எத்தனை வெயில் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேருந்தில் ஒட்டிய படங்கள் எப்படி வெளுக்கின்றன என்று தினமும் பார்க்கிறோம். தயவுசெய்து யாரும் அந்த முகத்தைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிட வேண்டாம். சரியாகச் சுடாத இடத்தில் கோடு போய்விடும். போனால் வராது.

உடைந்த துண்டுகளை, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளை ஒரு ஓவல்டின் டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறார். கப்பலின் அடிப்பகுதி, கடலில் இரண்டு துண்டு, 'கரை' என்ற சொல்லின் பாதி, எல்லாம் அதில் இருக்கின்றன. எதுவும் தொலைந்துபோகவில்லை. யாரும் கேட்காமலே அவர் செய்த வேலை அது. சௌதாஜி சயன புத்தருக்குக் கண்கள் செய்து கொடுத்த ரங்கூன் நாகர் கண்ணாடிப் பட்டறை 2008 நர்கீஸ் புயலில் அழிந்துபோனது. அது இருந்திருந்தால் அங்கேயே கேட்டிருப்போம். இப்போது நீலக் கண்ணாடிக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லாமல் அந்த டப்பா நம்மைக் காப்பாற்றுகிறது.

திருச்சபைச் சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1189ஆம் எண்: பழமையாலோ கலையாலோ வணக்கத்தாலோ மதிப்புள்ள திருவுருவங்களைப் பழுது பார்ப்பதற்கே ஆயரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அடுத்த எண் 1190: மக்கள் மிகுந்த பக்தியோடு வணங்கும் திருவுருவத்தைத் திருப்பீடத்தின் அனுமதி இல்லாமல் பிறருக்குக் கொடுத்தால் அது செல்லாது. ஜன்னல் இருந்தவரை பிரசவத்துக்குப் போகும் பெண்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கரேன் இனக் குடும்பத்து அக்காமார் அங்கே மெழுகுவர்த்தி வைப்பார்கள். இது மக்கள் பக்தி இல்லை என்றால் எது? ஆயர் இல்லத்தில் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருந்தால் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்.

இனி ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். இந்தப் பங்கு இப்போது கலந்த பங்கு, தமிழ்க் கோயில் என்ற முத்திரை வேண்டாம் என்று குழுவில் ஒரு பேச்சு அடிபட்டதாகக் கேள்விப்பட்டேன். சொன்னவர் கரேன்காரரும் இல்லை, பர்மியரும் இல்லை. நம் ஆள்தான். அதுதான் என்னை அதிகமாக வலிக்க வைத்தது. 1965இல் பள்ளிகளை அரசு எடுத்தபோது கோயிலுக்குப் பின்னால் இருந்த பள்ளியோடு தமிழ் வகுப்பும் போனது. அதை நம்மால் தடுத்திருக்க முடியாது. 1966இல் வெளிநாட்டுச் சாமிமார்களை அனுப்பினார்கள். அதையும் தடுத்திருக்க முடியாது. ஆனால் பெயர்ப்பலகையில் தமிழ் வரியை எடுத்தது யார்? வாரத் தமிழ்ப் பூசை மாதப் பூசையானபோது எழுந்து ஒரு வார்த்தை கேட்காதவர்கள் யார்? திருநாள் தேருக்குப் பாடிக்கொண்டிருந்த பாட்டு பழசு என்று நிறுத்தியது யார்? ஒவ்வொரு முறையும் சின்ன விஷயம், பெரிதாக்காதே என்று எங்களைத்தான் உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் பேசும்போது கேட்பது, அம்மா, கப்பல் மாதாவைத் திரும்ப வைத்துவிட்டார்களா என்றுதான். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. கப்பலை மறக்கவில்லை. அவர்களும் இப்போது மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டியவர்கள் அல்லவா.

நான் எங்கேயோ போய்விட்டேன். சாமி, அண்ணன்மார்களே, உங்கள் உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. நிலநடுக்கம் முடிந்த மறுநாளே ஏணி போட்டு ஓடு மாற்றியவர்கள் நீங்கள். கோபுர விரிசலுக்குக் கம்பி கட்டியது நல்ல வேலை. புது ஜன்னலுக்குப் பணம் தர முன்வந்த குடும்பத்தின் நல்ல மனதையும் மதிக்கிறோம். அவர்களிடமே பேசிப் பார்க்கலாம். அதே பணத்தைப் பழைய ஜன்னலின் ஈயத்துக்குக் கொடுக்கச் சொன்னால் மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. லூர்து மாதா படம் வேண்டும் என்றால் குகைபோல் கட்டிய கெபியில் வைப்போம், ஞாங்லேபின் லூர்து மாதா திருநாளுக்கு நடந்து போகிறவர்கள் நாம், லூர்து மாதா நமக்கு அந்நியர் இல்லை. ஆனால் ஆரோக்கிய மாதாவை இறக்கிவிட்டு அந்த இடத்தில் வைப்பது வேண்டாம்.

திரும்பவும் கேட்கிறேன். கப்பல் மாதா ஜன்னலைப் பழுது பார்த்து, இருந்த இடத்திலேயே நிறுத்துங்கள். விலை பேச்சை நிறுத்துங்கள். வேலை முடிய நாளாகும் என்று தெரியும். அதுவரை தகரத்தைக் கழற்றிவிட்டுச் சாதாரண வெள்ளைக் கண்ணாடியாவது போடுங்கள், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்னால் போட்டால் பெரியாயியை நவநாளுக்கு அழைத்து வருவது என் பொறுப்பு.

பலகைகளை மட்டும் இந்த வாரமே நிமிர்த்த வேண்டும், அதற்குக் குழு கூடி முடிவெடுக்கத் தேவையில்லை. கொட்டகைச் சாவியை சனிக்கிழமை காலையில் கோயில் பிள்ளையிடம் கொடுத்துவையுங்கள். ஆலையில் உமிக்குச் சொல்லியாகிவிட்டது. பெட்டி அடிக்கத் தச்சர் வருகிறார். தூக்குவதற்கு ஆள் இருக்கிறது. குழாய்களை எங்கே மாற்றி வைப்பது என்று நீங்கள் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஞாயிறு தமிழ் வகுப்பு டீச்சர்